தாம்பரம் சானடோரியம் முதல் தான்சானியா எலி வரை: காசநோய் பற்றி இதெல்லாம் தெரியுமா?

ஒரே ஒரு கிருமி. அதனால் உலகில் மிக அதிகம் பேரைச் சாகடிக்கும் நோய் எது தெரியுமா? மலேரியாவா? எய்ட்ஸா? கொரோனாவா? கொரோனா ஒரு மூன்று ஆண்டு முதலிடத்தில் இருந்தது, உண்மைதான். இப்போது அந்த இடத்தில் மறுபடியும் டி.பி.! 2024-இல் மட்டும் 12 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே ஆண்டில் புதிதாக நோய்வாய்ப்பட்டவர்கள் 1 கோடியே 7 லட்சம் பேர். அதில் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார்!

இதைவிடத் திகைக்க வைப்பது வேறொன்று. இந்த நோயைக் குணப்படுத்தும் மாத்திரை கைக்கு வந்து 70 ஆண்டு தாண்டிவிட்டது. பிறகு ஏன் இத்தனை சாவு? பதில் தேடிப் போனால் கடல்நாய், கினிப்பன்றி, கணித மேதை, தபால்காரர், அரிசி மூட்டை என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. அதில் பாதி வழி நம் சென்னைக்குள்ளேயே இருக்கிறது!

முதலில் கிருமியைப் பாருங்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஈ.கோலை கிருமி 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாக 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது! இந்த மந்தம்தான் அதன் பலம். உலக மக்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேரின் உடலில் இது ஏதோ ஒரு காலத்தில் நுழைந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் ஆவதில்லை. நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்குத்தான் நோயாக எழும்புகிறது. எப்போது எழும்பும்? பசி, நீரிழிவு, எச்.ஐ.வி., குடி, புகை என ஏதாவது ஒன்று உடம்பின் காவலைத் தளர்த்தும்போது. ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டுமானாலும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மருந்தும் ஐந்து நாளில் முடியாமல் ஆறு மாதம் நீள்வதற்கு இந்தச் சோம்பேறிக் கிருமிதான் காரணம்.

வயது? இஸ்ரேல் கடற்கரையை ஒட்டி நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் ஆத்லித் யாம் என்ற பழைய குடியிருப்பில், ஒரு தாயும் கைக்குழந்தையும் சேர்த்துப் புதைக்கப்பட்டிருந்தார்கள். இருவர் எலும்பிலும் காசநோயின் தடயம்! அவர்கள் வாழ்ந்து 9,000 ஆண்டு ஆகிறது. பெரு நாட்டில் கிடைத்த எலும்புக்கூடுகளின் கதை இன்னும் விசித்திரம். கொலம்பஸுக்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே காசநோய் இருந்தது. ஐரோப்பியர் கொண்டுவரவில்லை என்றால் கடல் தாண்டி வந்தது எப்படி? 2014-இல் அந்த எலும்புகளிலிருந்து கிருமியின் மரபணுவை எடுத்துப் படித்தார்கள். கடல்நாய்களிடமும் கடற்சிங்கங்களிடமும் உள்ள வகையோடு ஒத்துப்போனது! நீந்தி வந்த விலங்கை வேட்டையாடித் தின்ற மனிதருக்கு அது தொற்றியிருக்கிறது.

1882 மார்ச் 24. பெர்லினில் ஒரு சிறிய கூட்டம். ராபர்ட் கோக் என்ற மருத்துவர் எழுந்து, இந்த நோய்க்குக் காரணம் பரம்பரையல்ல, கிருமி என்று நிரூபித்துக் காட்டினார். அந்த மார்ச் 24 தான் இன்றைக்கும் உலகக் காசநோய் நாள். 1890-இல் மருந்தையும் கண்டுபிடித்துவிட்டதாக அவர் அறிவித்ததும் உலகமே பெர்லினுக்கு ஓடியது. அது குணப்படுத்தவில்லை! ஆனால் அதே பொருள் தோலில் ஊசி போட்டுத் தொற்றைக் கண்டறியும் சோதனையாகப் பின்னால் பிழைத்துக்கொண்டது. மருத்துவர் கழுத்தில் தொங்குகிறதே ஸ்டெதஸ்கோப், அதை 1816-இல் உருவாக்கிய லாயனெக், நெஞ்சு நோய்களைக் காதால் கேட்டுப் பிரித்தறியக் கற்றுக்கொடுத்தவர். அவரே 1826-இல் காசநோயால் இறந்தார். நம் புதுமைப்பித்தனை 1948-இல் 42 வயதில் கொண்டுபோனதும் இதே நோய்தான். அப்போது மருந்து பிறந்துவிட்டது, அவரை எட்டத்தான் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

சென்னையில் மின்சார ரயிலில் போகிறவர்கள் தாம்பரத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயரைக் கவனித்திருப்பீர்கள். தாம்பரம் சானடோரியம். காசநோயாளிகளை நல்ல காற்றில் தங்கவைத்துப் பார்க்கும் இடத்துக்குச் சானடோரியம் என்று பெயர். 1928-இல் அதைத் தொடங்கியவர் டாக்டர் சௌரிமுத்து. அதற்கு முன்பே இங்கிலாந்தில், மெண்டிப் மலைப்பகுதியில், இதே போன்ற ஒன்றை நடத்திப் பேர் வாங்கியவர். அங்கே அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு நோயாளி யார் தெரியுமா? கணித மேதை ராமானுஜன்! இருவரும் 1914-இல் நெவாசா என்ற ஒரே கப்பலில் இங்கிலாந்துக்குப் பயணம் செய்தவர்கள். ராமானுஜனுக்கு வந்தது காசநோய்தான் என்று அன்றைய மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். பிற்காலத்தில் அவருடைய நோய்க்குறிப்புகளை ஆராய்ந்த ஒரு மருத்துவர், அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். அப்படியானால் அது குணப்படுத்தக்கூடியது! நோயைத் தவறாகக் கணிப்பது, அல்லது கணிக்காமலேயே விடுவது. காசநோய்க் கதை முழுக்க இந்தத் துயரம் ஓடுகிறது.

1920-இல் ராமானுஜன் கண்மூடியது சென்னை சேத்துப்பட்டில். அதே சேத்துப்பட்டில்தான் 1956-இல் உலகக் காசநோய் சிகிச்சையைத் தலைகீழாகப் புரட்டிய ஆய்வு தொடங்கியது! இதற்கு முன்னால் மருந்துக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1943-இல் அமெரிக்காவில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் கண்டெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் மாணவர். 1952-இல் நோபல் பரிசு போனதோ அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டும்! பிரிட்டனில் அந்த மருந்து கொஞ்சம்தான் இருந்தது. எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை. அதனால் யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். இன்று எந்த மருந்தையும் சோதிக்கும் முறைக்கு முன்மாதிரியாக நிற்பது 1948-இல் வெளியான அந்த ஆய்வுதான். ஆறு மாதத்தில் அற்புதம்! ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால், மருந்து பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் இறந்திருந்தார்கள். கிருமி பழகிக்கொண்டுவிட்டது. ஒற்றை மருந்தை நம்பவே கூடாது, இரண்டு மூன்றைச் சேர்த்துத்தான் அடிக்க வேண்டும் என்ற பாடம் அப்படி வந்தது.

அடுத்து வந்த ஐசோனியசிட் கதையைக் கேட்டால் வயிற்றெரிச்சலாக இருக்கும். அந்த வேதிப்பொருளை 1912-லேயே பிராக் நகரில் இரண்டு வேதியியலாளர்கள் செய்துவிட்டார்கள். அது காசநோயைக் கொல்லும் என்று யாரும் சோதிக்கவில்லை! 40 ஆண்டு அலமாரியில் தூங்கியது. 1950-களின் தொடக்கத்தில் மூன்று நிறுவனங்கள் தனித்தனியாக அதன் சக்தியைக் கண்டுபிடித்துக் காப்புரிமைக்கு ஓடிப் பார்த்தால், பொருள் ஏற்கெனவே பழையது. யாருக்கும் உரிமை இல்லை. ஏழைகளுக்கு அது நல்லதாகப் போயிற்று. மலிவான மாத்திரையாக உலகெங்கும் பரவியது. நியூயார்க்கில் சீ வியூ என்ற மருத்துவமனையில் சாகக் கிடந்தவர்கள் அந்த மாத்திரை தின்று எழுந்து நடனமாடிய படங்களைப் பத்திரிகைகள் வெளியிட்டன. வெள்ளைச் செவிலியர்கள் பயந்து விலகிய அந்த மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் நோயாளிகளைக் கவனித்தவர்கள் கறுப்பினச் செவிலியர்கள். கறுப்புத் தேவதைகள் என்று அவர்களை அழைத்தார்கள்.

சரி, சேத்துப்பட்டுக்கு வருவோம். மாத்திரை வந்துவிட்டது, படுக்கை? இந்தியாவின் நோயாளிகளில் ஒரு சிறு பங்குக்குக்கூட சானடோரியத்தில் இடமில்லை. மலைக்காற்று, முழு ஓய்வு, முட்டை, பால், இறைச்சி இல்லாமல் காசநோய் குணமாகாது என்று உலகமே நம்பிய காலம் அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நான்கும் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமையில், நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். மறுபாதி அவரவர் குடிசையிலேயே! இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு.

குடிசையில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிக வேலை செய்தார்கள், நெரிசலில் படுத்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள்! அதைவிடப் பெரிய ஆச்சரியம், வீட்டில் கூட இருந்த மனைவி மக்களைப் பற்றியது. ஐந்து ஆண்டு தொடர்ந்து கவனித்ததில், சானடோரியம் போனவர்களின் குடும்பத்தைவிட இவர்களின் குடும்பத்துக்கு நோய் அதிகமாக வரவில்லை. ஏனென்றால் தொற்றின் பெரும்பகுதி நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் பரவல் வேகமாகக் குறைகிறது. உலகின் சானடோரியங்களை மூடவைத்த ஆய்வு இது! நோயாளியை ஊரைவிட்டு விலக்கத் தேவையில்லை என்பதற்கு மதராஸ் குடிசைகள் சாட்சி சொல்லி 65 ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்னும் சில வீடுகளில் டி.பி. வந்தவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிறார்களே, தட்டிலும் டம்ளரிலும் இது பரவுவதே இல்லை!

பிறகு எதில் பரவுகிறது? காற்றில். இதை உறுதியாக நிரூபித்தவை கினிப்பன்றிகள் தெரியுமா? 1950-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே மேலே இருந்த கூண்டுகளுக்கு அனுப்பினார்கள். நோயாளியைப் பார்க்கவும் தொடவும் வாய்ப்பே இல்லாத கினிப்பன்றிகளுக்குக் காசநோய் வந்தது! அதே காற்றை இன்னொரு கூட்டத்துக்குப் புற ஊதாக் கதிர் காட்டி அனுப்பியபோது ஒன்றுக்கும் வரவில்லை. 2007-இல் பெருவின் லிமா நகரில் மருத்துவமனைகளை அளந்து பார்த்தவர்கள் கண்டதையும் சொல்லிவிடுகிறேன். உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களில், ஜன்னலைத் திறந்துவிட்டால், இயந்திரத்தால் காற்றோட்டம் தரும் நவீன அறைகளைவிடக் காற்று நன்றாக மாறியது. ஜன்னல்! செலவே இல்லாத மருந்து.

இனி எலி. தான்சானியாவில் மொரோகோரோ என்ற ஊரில் பெரிய ஆப்பிரிக்க எலிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். கண்ணிவெடியை மோப்பம் பிடிக்கப் பழக்கிய அபோபோ என்ற அதே அமைப்புதான். நூறு சளி மாதிரிகளை ஓர் எலி 20 நிமிடத்தில் முகர்ந்து முடிக்கிறது! நுண்ணோக்கியில் ஒருவர் பார்ப்பதானால் நாலு நாள் வேலை. எலி சந்தேகப்பட்டதை ஆய்வகத்தில் மறுபடி உறுதி செய்கிறார்கள். மருத்துவமனை 'இல்லை' என்று சொல்லி அனுப்பிய நோயாளிகள் பலர் இப்படிப் பிடிபட்டிருக்கிறார்கள்.

இதை வேடிக்கைச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுப் போக முடியவில்லை. கோக் காலத்து நுண்ணோக்கிச் சோதனையைத்தான் ஏழை நாடுகள் நூறாண்டுக்கு மேல் நம்பிக் கிடந்தன. 2010-இல்தான் இரண்டு மணி நேரத்துக்குள் கிருமியையும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சேர்த்துச் சொல்லும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவிக்கு உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் தந்தது. கோவாவில் உருவான ட்ரூநாட் கருவிக்கு 2020-இல் அதே அங்கீகாரம் கிடைத்தது. பேட்டரியில் ஓடும், குளிர்சாதன அறை கேட்காது, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைக்கலாம்.

இருமல் இல்லாமலே காசநோய் இருக்கும் என்பது தெரியுமா? 2019-க்கும் 2021-க்கும் இடையே இந்தியா முழுவதும் நடந்த கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் 100 நோயாளிகளில் 42-க்கு மேற்பட்டோரைக் கோட்டை விட்டிருப்பார்கள்! அறிகுறி இருந்தவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் மருத்துவரிடம் போகவே இல்லை. கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவிகள் ஊர் ஊராக வருவது அதனால்தான். படத்தைக் கணினியே படித்துச் சொல்லும் முறையையும் 2021-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

இப்போது அரிசிக்கு வருகிறேன். என்னை மிக அதிகமாக உலுக்கிய செய்தி இது.

ஜார்க்கண்டில் 2019-இல் தொடங்கிய ஓர் ஆய்வு. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் அதிகமானோர். எல்லா நோயாளிகளுக்கும் மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். குடும்பங்களில் ஒரு பாதிக்கு, தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. மறுபாதிக் குடும்பங்களுக்கு வழக்கமானது மட்டும். 2023-இல் முடிவு வந்தது. அரிசியும் பருப்பும் கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது! பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் மட்டும் என்றால் 48 சதவீதம்! நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களுக்குச் சாவு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. ஊசியில்லை, புது மருந்தில்லை. சோறும் பருப்பும்! இங்கிலாந்தில் மாத்திரை வருவதற்கு நெடுங்காலம் முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே காசநோய்ச் சாவு சரியத் தொடங்கியிருந்தது. காரணம் என்ன என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நல்ல சாப்பாடும் நல்ல வீடும் அந்த வாதத்தில் முன்வரிசையில் நிற்கின்றன. இந்தியாவில் நோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்கில் போடும் தொகை மாதம் 500 ரூபாயாக 2018-இல் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ரூபாய் ஆனது. ஒரு குடும்பத்துக்கு அது போதுமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தமிழ்நாடு 2022 ஏப்ரலில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' இதே உண்மையைப் பிடித்துக்கொண்டது. நோய் உறுதியான அன்றே ஐந்து விஷயம் பார்க்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் இருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு வாங்குகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா. அவ்வளவுதான்! எடை பார்க்கும் கருவியும் விரலில் மாட்டும் கருவியும் இருந்தால் போதும். ஆபத்தில் இருப்பவர் உடனே மருத்துவமனைப் படுக்கைக்குப் போகிறார். காசநோய்ச் சாவுகளில் பெரும்பான்மை சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களிலேயே நடக்கிறது என்பதால் அந்தச் சில நாள்கள் உயிருக்குச் சமம். மாநிலம் முழுவதும் இப்படிச் செய்ததில் நாட்டிலேயே தமிழ்நாடுதான் முதல்!

உலகம் எங்கே நிற்கிறது? 2015-ஐ ஒப்பிட்டால் 2024-க்குள் புதிய நோயாளிகளின் விகிதம் 12 சதவீதம்தான் இறங்கியிருக்கிறது. இலக்கு 2025-க்குள் பாதியாக்குவது! இந்தியா லட்சம் பேருக்கு 237-லிருந்து 187-க்கு வந்திருக்கிறது. உலக வேகத்தைவிட நல்ல வேகம், இலக்குக்கு வெகு தூரம். ஆப்பிரிக்காவில் 28 சதவீதம் குறைந்திருக்கிறது. அதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? பணமோ ஆண்டுக்கு 2,200 கோடி டாலர் வேண்டும் என்று நாடுகள் ஒப்புக்கொண்ட இடத்தில் 2024-இல் கிடைத்தது 590 கோடி டாலர். அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் சாட்சி. தடுப்புப் பணிக்கான பணத்தைக் குறைத்த அந்நகரத்தில் நோய் திரும்பி வந்து 1992-இல் 3,811 பேரைப் பிடித்தது. அதை அடக்க 100 கோடி டாலருக்கு மேல் செலவானது!

மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு முன்பெல்லாம் ஒன்றரை, இரண்டு ஆண்டு சிகிச்சை. தினமும் ஊசி. அந்த ஊசியால் காது கேளாமல் போனவர்கள் எத்தனையோ பேர்! 2012-இல் பெடாகுவிலின் வந்தது. 40 ஆண்டில் காசநோய்க்கென்றே வந்த முதல் புது வகை மருந்து! 2022-இலிருந்து ஆறே மாதம், ஊசியே இல்லை, மாத்திரை மட்டும். இந்த மருந்தின் காப்புரிமையை நீட்டிக்க நிறுவனம் முயன்றபோது எதிர்த்து மனுப் போட்டது யார் தெரியுமா? காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள், ஒருவர் இந்தியர், ஒருவர் தென்னாப்பிரிக்கர். இருவருமே அந்தப் பழைய சிகிச்சையில் செவித்திறனை இழந்தவர்கள்! 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது.

தடுப்பூசி? பிறந்ததும் குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. 1921-இல் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கால்மெட்டும் கெராங்கும் 13 ஆண்டு, 230 முறை, மாட்டுப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்கில் கிருமியை மாற்றி மாற்றி வளர்த்துச் சாதுவாக்கினார்கள்! குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து இன்றும் அது காக்கிறது. பெரியவர்களுக்கு? 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் உலகின் மிகப்பெரிய பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. 15 ஆண்டு பார்த்தும் பெரியவர்களின் நுரையீரல் நோயை அது தடுக்கவில்லை! கசப்பான முடிவு. மறைக்காமல் வெளியிட்டார்கள். புதுத் தடுப்பூசி தேவை என்று உலகம் இன்று அடித்துச் சொல்வதற்குப் பின்னால் அந்தக் கிராமத்து மக்களின் கை நீட்டல் இருக்கிறது. எம்72 என்ற தடுப்பூசி முந்தைய சோதனையில், ஏற்கெனவே தொற்று இருந்த பெரியவர்களுக்கு நோய் வருவதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய இறுதிக்கட்டச் சோதனையில் ஐந்து நாடுகளைச் சேர்ந்த சுமார் 20,000 பேர் இருக்கிறார்கள்.

பள்ளியில் டி.பி. ஸ்டாம்ப் வாங்கிய நினைவிருக்கிறதா? அந்த யோசனை 1904-இல் டென்மார்க்கில் ஐனார் ஹோல்போல் என்ற தபால் ஊழியருக்கு வந்தது! கிறிஸ்துமஸ் கடிதங்களின் குவியலைப் பார்த்தவர், ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வில்லை ஒட்டினால் நோயுற்ற குழந்தைகளுக்கு மருத்துவமனை கட்டலாமே என்று நினைத்தார். நாடு நாடாகப் பரவி நம் ஊர்ப் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது.

கடைசியாக, கையோடு பயன்படும் ஒன்று. வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால் மற்றவர்கள் இருமல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரே எடுத்து நோய் இல்லையென்று உறுதியானபின், உறங்கும் கிருமி எழும்பாமல் தடுக்க வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் சாப்பிடும் மாத்திரை இருக்கிறது. அரசு மருத்துவமனையில் சோதனையும் மாத்திரையும் இலவசம். கேட்டு வாங்குங்கள். கட்டணமில்லா உதவி எண் 1800-11-6666.